டின்னுக்கு வியர்க்கும் நேரம்

வெள்ளிக்கிழமைக்குள் ஒரு பக்கம் எழுதித் தா என்றார் மெனேஜர்.
எந்த மெஷின், ஏன், எவ்வளவு.
நான் தொடங்கியது திங்கள் காலை ஆறரைக்கு,
பொதி அறைக் கதவைத் திறந்ததும்
எனக்கு முன்னால் உள்ளே நுழைந்த மூடுபனியிலிருந்து.

கொழும்பிலிருந்து வந்த துஷாரவுக்கு அது விளங்கவில்லை.
அவர் காட்டிய காணொளியில்
ஏதோ வெயில் ஊரின் போத்தல்கள் ஓடின.
நிமிடத்துக்கு நூற்றிருபது என்றார்.
எங்கள் பெல்ட்டில் நாற்பதைத் தாண்டினாலே
செபமலர் கை உயர்த்துவாள், மூடி கோணல் என்று.
தலவாக்கலையில் நூற்றிருபதை வைத்துக்கொண்டு
நான் என்ன செய்ய?

அமுக்கி ஒட்டுவது முதலில்.
ஒரு தட்டு லேபிளை உறிஞ்சிப் பிடித்து
இறங்கி வந்து பெட்டியின் நெற்றியில் வைத்து அழுத்தி
ஒன்றும் நடக்காததுபோல் ஏறிவிடும்.
அட்டைப் பெட்டி தாங்கும்.
நூறு கிராம் பையில் வைத்துப் பார்த்தோம்.
பை முனகியது.
பி.ஓ.பி.யாக உள்ளே போனது
டஸ்ட்டாக வெளியே வந்தது.

பிறகு ஊதி ஒட்டுவது. தொடுவதே இல்லை,
காற்று தள்ள லேபிள் பறந்துபோய் உட்காரும்.
எனக்குப் பிடித்தது அதுதான், மறைப்பானேன்.
பன்னிரண்டு வருடத்தில் இந்த அறையில்
கை படாமல் நடந்த வேலையை
அன்றுதான் பார்த்தேன்.
ஆனால் இந்த உயரத்தில்
கொம்ப்ரஸர் காற்றோடு தண்ணீரும் துப்புகிறது.
ஐம்பதில் ஒன்று சரிந்தது;
லேபிளில் கொழுந்து கிள்ளும் பெண்
கூடையோடு சாய்ந்து
சிரித்துக்கொண்டே கிடந்தாள்.

உருட்டித் தடவி ஒட்டுவது வட்ட டின்னுக்கு.
டின் உருளும், லேபிள் நாக்கு நீட்டும்,
தூரிகையும் ரப்பர் உருளையும் நீவிக்கொண்டே போகும்.
நிதானமான மெஷின்.
மதியத்துக்குப் பிறகு ஒரு குறையும் இல்லை.
காலையில் மட்டும் ஓரம் கிளம்பி நின்றது.
பசையை மாற்றினோம். உருளையை இறுக்கினோம்.
துஷார கொழும்புக்கு மூன்று தடவை போன் எடுத்தார்.

அச்சடித்த கையோடு ஒட்டும் ஒன்றும் இருக்கிறது.
விலையைக் கேட்ட மெனேஜர்
மூக்குக் கண்ணாடியைக் கழற்றி
நெடுநேரம் துடைத்தார்.

செவ்வாய் மாலை எங்கள் லயத்துக்குக் கணக்கெடுக்க வந்தார்கள்.
பெயர், வயது, எத்தனை பேர், இனம்.
இனம் என்று கேட்ட வாய் மூடுமுன்
பேனை தானாக ஒன்றை எழுதப் போனது.
பொறுங்கள் என்றேன்.
மலையகத் தமிழர் என்று முழுசாகச் சொல்லி
எழுதி முடிக்கும்வரை
அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.
போகும்போது கதவில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டினார்,
கட்டைவிரலால் ஒரே அமுக்கு.

புதன் காலை அது வாசற்படியில்
முகம் குப்புறக் கிடந்தது.
கதவைத் தொட்டுப் பார்த்தேன். தகரம் வியர்த்திருந்தது.
பழைய துணியால் துடைத்து
அடுப்படியிலிருந்து தணல் சட்டியைக் கொண்டுவந்து
காட்டிக் காட்டிக் காயவைத்து
நடுவிலிருந்து ஓரத்துக்கு நீவினேன்.
மகன் தீபராஜ் பல்தூரிகையோடு நின்று கேட்டான்:
அம்மா, கதவுக்குக் காய்ச்சலா?

அன்றிரவு இருநூறு வெறும் டின்களை
ட்ரையர் அறையில் தூங்க வைத்தோம்.
வியாழன் காலை அதே மெஷின், அதே பசை, அதே பனி.
இருநூறில் ஒன்றும் கிளம்பவில்லை.
துஷார எண்ணிப் பார்த்துவிட்டு
இன்னொரு தடவை எண்ணினார்.

ஆகவே என் ஒரு பக்கம் இப்படி:
வட்ட டின்னுக்கு உருட்டும் மெஷின்.
பெட்டிக்கு அமுக்கும் தட்டு, அழுத்தம் பாதி.
பை இப்போதைக்குக் கையாலேயே போகட்டும்.
எதை வாங்கினாலும் முதலில் டின் காயவேண்டும்,
அதற்குத் தனி மெஷின் தேவையில்லை,
ஒரு சாவி தேவை, ட்ரையர் அறைச் சாவி,
அது என்னிடம் இருக்கவேண்டும்.

கேட்கப்படாத ஒன்றையும் அடியில் எழுதினேன்:
கையால் ஒட்டும் ஆறு பேரில்
இருவர் பைக்கு, ஒருவர் சாய்ந்ததைப் பொறுக்க.
மற்ற மூவரின் பெயரை மட்டும்
ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிவிட்டு
எதிரே இடம் விட்டிருக்கிறேன்.
மெனேஜர் நிரப்பட்டும்.